போதாத சான்று: கஞ்சா வழக்கும் அடிதடி வழக்கும் மேல்முறையீட்டில்

‘போதிய சாட்சியம் இல்லாததால் தண்டனை ரத்து’ என்று நாளிதழின் உள்பக்கத்தில் அவ்வப்போது ஒரு செய்தி வருகிறது. படிப்பவர்களில் பலர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றுதான்: ஆள் தப்பித்துவிட்டான். போலீஸ் பிடித்தது, கீழமை நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றத்தில் யாரோ ஒரு கெட்டிக்கார வழக்கறிஞர் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டார் என்பதே தேநீர்க் கடைகளில் சொல்லப்படும் விளக்கம். குறிப்பாகக் கஞ்சா வழக்கிலும் அரிவாள் வெட்டு வழக்கிலும் இந்த ஆத்திரம் கூடுதலாகவே எழும். தெருவோரத்தில் பிள்ளைகளுக்குப் பொட்டலம் விற்பவன்மீதும், நாலு பேர் பார்க்க ஒருவரை வெட்டியவன்மீதும் ஊருக்குக் கோபம் இருப்பது நியாயம்தான்.

ஆனால் அந்த விடுதலைத் தீர்ப்புகளை எடுத்து முழுமையாகப் படித்தால் வேறொரு காட்சி தெரிகிறது. அங்கே நீதிபதி கேட்கும் கேள்விகள் எளியவை. பிடித்த பொருள்தான் ஆய்வகத்துக்குப் போனதா? எடைபோட்டவர் யார்? வெட்டு விழுந்தபோது அந்த இடத்தில் வெளிச்சம் இருந்ததா? ஆஸ்பத்திரியில் முதலில் சொன்ன பெயர் எது? விசாரணை அதிகாரியால் இவற்றுக்கு நேரான பதில் சொல்ல முடியாதபோதுதான் தண்டனை சரிகிறது. ‘சான்று போதாது’ என்பது ஒரு மனிதனைப் பத்து ஆண்டு சிறையில் வைக்க அரசு காட்ட வேண்டிய காரணம் காட்டப்படவில்லை என்ற கண்டுபிடிப்பு. அந்தப் போதாமை கஞ்சா வழக்கில் ஒரு விதமாகவும் அடிதடி வழக்கில் இன்னொரு விதமாகவும் வருகிறது என்பதையும், இரண்டையும் சரிசெய்யும் இடம் காவல் நிலையமே என்பதையும் இந்திய நீதிமன்றங்களின் தீர்ப்புகளை வைத்து இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது. வழக்குகளை ஆண்டாலும் நீதிபதிகளின் பெயராலும் ஊராலும் குறித்திருக்கிறேன். விடுதலையானவர்களின் பெயர்களை மறுபடியும் குற்றத்தோடு சேர்த்து அச்சேற்றத் தேவையில்லை.

மேல்முறையீடு என்னும் உரிமை

இங்கிலாந்தில் 1907 வரை குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டவருக்கு, சாட்சியத்தை மறுபடி எடைபோடச் சொல்லிக் கேட்கும் பொதுவான மேல்முறையீட்டு உரிமை கிடையாது. அடால்ஃப் பெக் என்பவர் பெண்களை ஏமாற்றி நகை பறித்தவர் என்று 1896-இல் தண்டிக்கப்பட்டார். 1904-இல் அதே வகைக் குற்றத்துக்காக மீண்டும் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். சாட்சிகள் பலர் அவரையே அடையாளம் காட்டினார்கள். பிறகு உண்மையான குற்றவாளி பிடிபட்டபோதுதான் அத்தனை சாட்சிகளும் ஆளை மாற்றிச் சொல்லியிருந்தது தெரிந்தது. அந்த அநியாயம் எழுப்பிய கொந்தளிப்பே 1907-ஆம் ஆண்டின் குற்றவியல் மேல்முறையீட்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தது.

இந்தியாவில் இந்த உரிமை இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 415-ஆம் பிரிவில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 374-ஆம் பிரிவு. நடுவர் மன்றம் தண்டித்தால் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும், செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். கடுமையான போதைப்பொருள் வழக்குகளைச் சிறப்பு நீதிமன்றம் விசாரிப்பதால் அவற்றின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கே செல்கிறது. உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யக் காலவரம்பு 60 நாள், மற்ற நீதிமன்றங்களில் 30 நாள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த முதல் மேல்முறையீட்டின் வீச்சு பெரிது. அமெரிக்காவில் உண்மையைத் தீர்மானிப்பது நடுவர் குழு, அதாவது ஜூரி. அதனால் அங்கே மேல் நீதிமன்றம் ஒரு குறுகிய கேள்வியை மட்டுமே கேட்கிறது: சாட்சியம் முழுவதையும் அரசுத் தரப்புக்கு மிகவும் சாதகமாக வைத்துப் பார்த்தாலும், அறிவுள்ள எவரேனும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியுமா? 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது. இந்தியாவில் நீதிபதியே காரணங்களோடு தீர்ப்பு எழுதுகிறார். ஆகவே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒவ்வொரு சாட்சியின் வாக்குமூலத்தையும் குறுக்கு விசாரணையையும் தானே படித்துத் தன் முடிவுக்கு வர வேண்டும். தண்டனையை உறுதிசெய்யலாம், ரத்து செய்யலாம், குற்றப் பிரிவை மாற்றலாம், மறு விசாரணைக்கு அனுப்பலாம். வழக்கறிஞர் வரவில்லை என்ற காரணத்துக்காக மேல்முறையீட்டைத் தள்ளிவிடக் கூடாது, ஆவணங்களைப் படித்துத் தகுதியின் அடிப்படையிலேயே முடிவு சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தெளிவுபடுத்தியது.

தண்டிக்கப்பட்டவர்களில் பலருக்கு இது நாட்டின் நீதி அமைப்பு தரும் கடைசி முழு வாசிப்பு. அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் இருக்கிறது என்றாலும், அது வழக்கமாகச் சாட்சியத்தை அடியிலிருந்து எடைபோட முன்வருவதில்லை.

பொருளே சாட்சியாகும் வழக்கு

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளமயக்கப் பொருள்கள் சட்டம் இந்தியாவின் மிகக் கடுமையான தண்டனைச் சட்டங்களில் ஒன்று. 2001-இல் வந்த திருத்தம் தண்டனையை அளவோடு பிணைத்தது. கஞ்சா 1 கிலோ வரை சிறு அளவு, அதற்கு ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, அதற்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதமும் ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாது. இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை சிறை. ஹெராயினுக்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். ஆக, 19 கிலோ 900 கிராமுக்கும் 20 கிலோ 100 கிராமுக்கும் நடுவில் ஒரு மனிதனின் பத்தாண்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. தராசில் வைத்தபோது சாக்கின் எடை கழிக்கப்பட்டதா, ஈரம் இருந்ததா என்ற கேள்விகள் அற்பமானவையாகத் தோன்றலாம். இந்தச் சட்டத்தின்கீழ் அவையே வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. பூவும் காயும் கொண்ட நுனிப்பகுதியையே சட்டம் கஞ்சா என்கிறது. அந்த நுனி சேராமல் இலையும் விதையும் தனியாக இருந்தால் அவை கணக்கில் வராது. மூட்டையில் இருந்தது என்ன என்பதைப் பிரித்துக் காட்டாமல் மொத்த எடையை மட்டும் எழுதிய வழக்குகள் மேல்முறையீட்டில் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த வழக்குகளில் பெரும்பாலும் புகார்தாரர் கிடையாது. விற்றவனும் வாங்கியவனும் புகார் கொடுப்பதில்லை. தகவல் கிடைத்ததாகச் சொல்வது, போய்ப் பிடிப்பது, எடைபோடுவது, முத்திரையிடுவது, சாட்சி சொல்வது எல்லாமே ஒரே துறையின் ஆள்கள். கூட வரும் பொதுச் சாட்சி, தமிழ்நாட்டில் சில வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலராக இருப்பார். சில வழக்குகளில் யாருமே இருக்கமாட்டார்கள், அல்லது கூண்டில் ஏறியதும் பிறழ் சாட்சியாகிவிடுவார்கள். இதோடு சட்டத்தின் 35, 54-ஆம் பிரிவுகள், பொருள் கையில் இருந்தது என்றாலே அது தெரிந்தே வைத்திருந்தது என்று அனுமானித்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் தருகின்றன. அந்த அனுமானத்தை முறியடிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மீது விழுகிறது.

நிரபராதி என்ற அனுமானம் இப்படித் தலைகீழாகும் இடத்தில் மக்களைக் காப்பது எது? அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2008-இல் அமிர்தசரஸ் விமான நிலைய வழக்கில் பதில் சொன்னது. 1997-இல் ஆப்கானியர் ஒருவரிடமிருந்து ஹெராயின் பிடிபட்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்கு அது. விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தண்டித்திருந்தன. நீதிபதி எஸ்.பி. சின்ஹா எழுதிய தீர்ப்பு 35, 54-ஆம் பிரிவுகள் அரசமைப்புக்கு உட்பட்டவையே என்று ஏற்றது. ஆனால் அடிப்படை உண்மைகளை, அதாவது இன்னாரிடமிருந்து இன்ன பொருள் முறைப்படி கைப்பற்றப்பட்டது என்பதை, ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்புடையது, அது நிறைவேறிய பிறகே அனுமானம் எழும் என்று வரையறுத்தது. தண்டனை எவ்வளவு கடுமையோ அந்த அளவுக்கு நிரூபணமும் கறாராக இருக்க வேண்டும் என்ற கொள்கையையும் அழுத்திச் சொன்னது. கைப்பற்றியதாகச் சொன்ன பொருள் நீதிமன்றத்தில் சரியாகக் காட்டப்படவில்லை, ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தண்டனை ரத்தானது.

இந்தப் பார்வையில் படித்தால், சட்டத்திலுள்ள நடைமுறைப் பிரிவுகள் வெறும் அலுவலகச் சடங்குகள் இல்லை என்பது விளங்கும். ரகசியத் தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்கிறது 42-ஆம் பிரிவு. அப்படி எழுதிய தாள், கைதுக்குப் பிறகு கதை கட்டப்படவில்லை என்பதற்குச் சான்று. உடலைச் சோதனையிடுமுன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும் என்கிறது 50-ஆம் பிரிவு. 1999-இல் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான அரசமைப்பு அமர்வு இதைக் கட்டாயம் என்றது. 2010-இல் இன்னோர் அரசமைப்பு அமர்வு, ஏறக்குறையப் பின்பற்றினால் போதும் என்ற சமாதானத்தை ஏற்க மறுத்தது. இருவரைச் சேர்த்து நிறுத்தி ஒரே மூச்சில் உரிமையைச் சொல்லிவிடுவதும் செல்லாது என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. இந்தப் பிரிவுக்கு ஓர் எல்லையும் உண்டு. அது உடல் சோதனைக்கு மட்டுமே பொருந்தும், கையில் இருக்கும் பைக்கோ வண்டிக்கோ பொருந்தாது என்று 2005-இல் முடிவாயிற்று. ஆகவே 50-ஆம் பிரிவு மீறப்பட்டது என்ற ஒற்றை வாதத்தோடு மேல்முறையீட்டுக்குப் போகிறவர், பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பொருளின் பயணம். கைப்பற்றிய இடத்திலிருந்து காவல் நிலையக் காப்பறைக்கு, அங்கிருந்து நீதிமன்றத்துக்கு, பிறகு தடய அறிவியல் ஆய்வகத்துக்கு என்று அது கைமாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பதிவு வேண்டும். முத்திரை யாரிடம் இருந்தது, மாதிரி எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, ஆய்வக அறிக்கையில் சொல்லப்படும் எடை, கைப்பற்றியபோது எழுதிய அத்தாட்சி மகஜரில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று மேல்முறையீட்டு வழக்கறிஞர் முதலில் தேடுவது இவற்றைத்தான். 52ஏ பிரிவு, நடுவர் முன்னிலையில் பட்டியலிட்டு, படமெடுத்து, மாதிரி எடுத்துச் சான்றளிக்கும் முறையை வகுக்கிறது. நீதிபதி டி.எஸ். தாக்கூர் 2016-இல் எழுதிய தீர்ப்பு, நடுவர் மேற்பார்வையில்தான் மாதிரி எடுக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது. 2022-இல் இதற்கெனத் தனி விதிகளே வந்தன.

சென்னை வழக்கொன்று இதன் விளைவைக் காட்டுகிறது. 2000-ஆம் ஆண்டில் ஒரு லாரியிலிருந்து 20 கிலோ ஹெராயின் பிடிபட்டதாக மத்தியப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு வழக்குத் தொடுத்தது. தண்டனையை உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மாதிரிகள் நடுவர் முன்னிலையில் எடுக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை, எனவே நம்பத்தக்க முதன்மைச் சான்றே வழக்கில் இல்லை என்று கூறித் தண்டனையை ரத்து செய்தது. நிகழ்வுக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவே 23 ஆண்டு.

ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய மிகப் பெரிய மாற்றமும் தமிழ்நாட்டு வழக்கொன்றிலிருந்தே வந்தது. இந்தச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்கீழ் அதிகாரி எழுதி வாங்கும் வாக்குமூலத்தை வைத்தே பலர் தண்டிக்கப்பட்டு வந்தார்கள். அந்த அதிகாரிகள் ‘போலீஸ்’ அல்ல என்பதால், போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்ற சாட்சியச் சட்ட விதி அவர்களுக்குப் பொருந்தாது என்று 1990-இலும் 2008-இலும் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. 2020 அக்டோபர் 29 அன்று, தமிழ்நாடு அரசுக்கு எதிரான மேல்முறையீட்டில், நீதிபதி ஆர்.எஃப். நாரிமனும் நீதிபதி நவீன் சின்ஹாவும் அந்த நிலையை மாற்றினார்கள். விசாரணை அதிகாரம் பெற்ற இவர்களும் போலீஸ் அதிகாரிகளே, 67-ஆம் பிரிவு வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட்டார். அன்று முதல், வாக்குமூலத்தை எடுத்துவிட்டால் வழக்கில் மிச்சம் என்ன இருக்கிறது என்பது இத்தகைய மேல்முறையீடுகளின் முதல் கேள்வியாகிவிட்டது.

மனிதரே சாட்சியாகும் வழக்கு

அடிதடி வழக்கில் நிலைமை நேர்மாறு. இங்கே காயம்பட்டவர் கண்ணெதிரே நிற்கிறார். குற்றம் நடந்ததா என்பதில் பெரும்பாலும் ஐயமில்லை. ஐயம், செய்தது யார், எந்த ஆயுதத்தால், எந்த நோக்கத்தோடு என்பதில் எழுகிறது.

காயம்பட்ட சாட்சிக்கு இந்திய நீதிமன்றங்கள் தனி மதிப்பு தருகின்றன. அவர் உடலிலுள்ள காயமே அவர் அங்கிருந்ததற்கு அத்தாட்சி, உண்மையில் வெட்டியவனை விட்டுவிட்டு வேறொருவனை மாட்டிவைக்க அவருக்குக் காரணமில்லை என்பது அதன் அடிப்படை. 2010-இல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தொகுத்துக் கூறியது. நேரில் கண்ட சாட்சிக்கும் மருத்துவச் சான்றுக்கும் முரண் வந்தால், சாட்சி சொன்ன விதத்தில் காயம் ஏற்பட்டிருக்கவே முடியாது என்று மருத்துவம் அறுதியிட்டு விலக்கும்போதுதான் சாட்சியை ஒதுக்கலாம் என்றும் அது சொன்னது. ஒரே சாட்சி போதுமா என்ற கேள்விக்கு 1957-இலேயே அன்றைய மதராஸ் மாநில வழக்கொன்றில் நீதிபதி பி.பி. சின்ஹா விடை எழுதினார். சாட்சிகள் மூன்று வகை: முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் இடைப்பட்டவர். முதல் வகையில் ஒருவர் போதும். இரண்டாம் வகையில் எத்தனை பேர் வந்தாலும் பயனில்லை. மூன்றாம் வகைக்குத்தான் வேறு ஆதாரம் துணைக்கு வேண்டும். அடிதடி மேல்முறையீடுகளில் பெரும்பகுதி இந்த மூன்றாம் வகையைச் சுற்றியே நடக்கிறது.

அங்கே பேசும் ஆவணங்கள் சில உண்டு. முதலாவது, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. காயத்தோடு வந்தவர் டாக்டரிடம் முதலில் சொன்னதை அது ஓரிரு வரியில் பதிந்து வைக்கிறது: தெரிந்த நபர்கள் இத்தனை பேர், இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், கட்டையால் அல்லது அரிவாளால். அதில் ‘தெரியாத மூன்று பேர்’ என்று இருந்து, மறுநாள் முதல் தகவல் அறிக்கையில் பெயரோடு ஏழு பேர் வந்தால், இடையில் என்ன நடந்தது என்பதை அரசுத் தரப்பு விளக்கியாக வேண்டும். டாக்டரின் வேலை உயிரைக் காப்பது, பெயர்ப் பட்டியல் எழுதுவதல்ல என்று நீதிமன்றங்கள் சொல்வதும் உண்டு. எனவே பெயர் விடுபட்டதை மட்டும் வைத்து வழக்கு விழாது. ஆனால் ‘தெரியாதவர்’ என்று எழுதியிருப்பது வேறு விஷயம்.

இரண்டாவது, காலம். 1972-இல் தமிழ்நாட்டுக் கொலை வழக்கொன்றில், சம்பவம் நடந்து 20 மணி நேரத்துக்கும் மேலாகப் புகார் தாமதமானதை உச்ச நீதிமன்றம் முக்கியமாக எடுத்துக்கொண்டது. நேரம் ஆக ஆக நினைவில் இருப்பதோடு யோசித்துச் சேர்த்ததும் கலந்துவிடும் என்பதே காரணம். அந்தத் தீர்ப்பு இன்றுவரை அடிதடி மேல்முறையீடுகளிலும் எடுத்தாளப்படுகிறது. தாமதத்துக்கு நியாயமான விளக்கம் இருந்தால், உயிர் பிழைக்க ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள் என்பதுபோல, அது பாதிப்பதில்லை.

மூன்றாவது, வெளிச்சம். இரவில் நடந்த தாக்குதலில் முகம் தெரிந்தது எப்படி? பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் தெருவிளக்குக் கம்பம் காட்டப்பட்டிருக்கிறதா? முன்பின் தெரியாதவர்கள் என்றால் அடையாள அணிவகுப்பு நடந்ததா, அல்லது மாதக்கணக்கில் கழித்து நீதிமன்றக் கூண்டில்தான் முதன்முறையாகக் கை நீட்டப்பட்டதா?

நான்காவது, கூட்டம். ஊர்ச் சண்டையில் பதினைந்து பேர்மீது வழக்குப் போட்டு எல்லோரையும் சட்டவிரோதக் கும்பலில் சேர்ப்பது வழக்கம். கும்பலில் இருந்த ஒவ்வொருவரும் பொது நோக்கத்துக்குப் பொறுப்பாளி என்பதால், சும்மா வேடிக்கை பார்த்தவரும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து பெரிது. 1964-இல் உத்தரப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் எச்சரிக்கை விதியை ஏற்றது: பெருங்கூட்டம் சம்பந்தப்பட்ட வழக்கில் ஒருவரைத் தண்டிக்கக் குறைந்தது இரண்டு, மூன்று சாட்சிகளாவது அவரைப் பற்றி ஒரே மாதிரி சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது விவேகம். இதே சண்டையில் எதிர்த் தரப்பிலும் காயம் இருந்து, அதை அரசுத் தரப்பு விளக்காமல் மறைத்தால், நடந்ததன் முழுக்கதை நீதிமன்றத்துக்குச் சொல்லப்படவில்லை என்று கொள்ளலாம் என 1976-இல் பீகார் வழக்கொன்றில் தீர்ப்பு வந்தது. வழக்கும் எதிர்வழக்கும் இருந்தால் இரண்டையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. முன்விரோதம் இருபக்கமும் வெட்டும். வெட்டியதற்கும் அது காரணமாகலாம், பொய்யாக மாட்டிவிடுவதற்கும் காரணமாகலாம்.

கடைசியாக, காயத்தின் தன்மை. கொடுங்காயம் என்றால் எலும்பு முறிவு போன்ற சட்டம் வகுத்த எட்டு வகைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். முன்பு 20 நாள் கடும் வலியோ முடக்கமோ என்றிருந்த ஒரு வகை, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 15 நாளாகியிருக்கிறது. எலும்பு முறிவு என்று காயச் சான்றிதழில் எழுதிவிட்டு எக்ஸ்ரே படத்தையோ அதைப் பார்த்துச் சொன்ன டாக்டரையோ கொண்டுவராவிட்டால், கொடுங்காயக் குற்றம் நிற்பது கடினம். அப்போது மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆளை முழுதாக விடுவிக்காமல், ஆயுதத்தால் சாதாரணக் காயம் விளைவித்த குற்றமாகக் குறைத்துத் தண்டனையையும் குறைக்கும். வெளியே ‘தண்டனை குறைப்பு’ என்று மட்டும் செய்தியாகும் பல தீர்ப்புகளின் உள்கதை இதுதான்.

எது குறை, எது போதாமை

இவ்வளவையும் படிப்பவருக்கு, எந்தச் சிறு பிசகும் விடுதலை தந்துவிடும் என்று தோன்றக்கூடும். அது உண்மையல்ல. விசாரணையில் குறை இருந்தது என்பதாலேயே குற்றவாளியை விடுவித்தால், அலட்சியமான அல்லது விலைபோன அதிகாரியின் கையில் நீதியை ஒப்படைத்ததாகிவிடும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. சாட்சி ஓர் இடத்தில் பொய் சொன்னால் முழுச் சாட்சியமும் பொய் என்ற விதி இந்தியாவில் கிடையாது. நெல்லையும் பதரையும் பிரித்தெடுப்பது நீதிபதியின் கடமை. பிறழ் சாட்சியின் வாக்குமூலத்திலும் நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம். பொதுச் சாட்சி இல்லை என்பதற்காக மட்டும் கஞ்சா வழக்கு விழாது. போலீஸ் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதுவே போதும்.

52ஏ பற்றியும் 2025 ஜனவரியில் ஒரு திருத்தமான விளக்கம் வந்தது. நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலாவும் ஆர். மகாதேவனும், அந்தப் பிரிவைப் பின்பற்றாதது தன்னளவிலேயே வழக்கைக் கொன்றுவிடாது, அந்த மீறலால் கைப்பற்றிய பொருளின் உண்மைத்தன்மையிலேயே ஐயம் எழுகிறதா என்று மொத்தச் சாட்சியத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். புகார் பதிந்தவரே விசாரித்தார் என்பதற்காக மட்டும் விடுதலை இல்லை என்று 2020-இல் அரசமைப்பு அமர்வு சொன்னதும் இதே போக்கில்தான்.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. விடுபட்டது எதை நிரூபிக்க வேண்டியிருந்தது என்று கேட்க வேண்டும். ஒரு கையெழுத்து விடுபட்டும் பொருளின் பயணம் வேறு சான்றுகளால் தெளிவாகத் தெரிந்தால், அது குறை. அந்தக் கையெழுத்து இல்லாததால் பொருள் மாறியிருக்கலாம் என்ற நியாயமான வாய்ப்பு திறந்தால், அது போதாமை. சாட்சி நேரத்தைப் பத்து நிமிடம் மாற்றிச் சொன்னது குறை. வெட்டியவர் யார் என்பதையே மாற்றிச் சொன்னது போதாமை. நல்ல மேல்முறையீட்டு மனு இந்த வேறுபாட்டின்மீது எழுப்பப்படுகிறது. முப்பது முரண்பாடுகளை வரிசையாக அடுக்கும் மனுவைவிட, அடிப்படை உண்மை ஒன்று சரிவதைக் காட்டும் மனுவே நீதிபதியை நிறுத்திப் படிக்கவைக்கும்.

விடுதலை வரும் முன்பே தீர்ந்துபோகும் ஆண்டுகள்

சட்டம் சரியாக இருந்தும் மனிதன் தோற்கும் இடம் காலம். வணிக அளவுப் போதைப்பொருள் வழக்கில், 37-ஆம் பிரிவின்படி, குற்றம் செய்திருக்க மாட்டார், இனியும் செய்யமாட்டார் என்று நீதிமன்றம் நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால்தான் ஜாமீன். மேல்முறையீட்டுக் காலத்தில் தண்டனையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையே 32ஏ பிரிவு நீதிமன்றத்திடமிருந்து பறித்திருந்தது. 2000-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை அரசமைப்புக்கு முரண் என்று நீக்கியது. ஆயினும் 37-ஆம் பிரிவின் நிபந்தனை தொடர்கிறது. பத்தாண்டுத் தண்டனை பெற்றவர் ஏழெட்டு ஆண்டு சிறையிலிருந்த பிறகு ‘சான்று போதாது’ என்று தீர்ப்பு வந்தால், அந்த விடுதலை அவருக்கு எதைத் திருப்பித் தரும்?

ஏழைக்கு இது இன்னும் கடினம். 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், சிறையிலிருப்பவருக்குத் தீர்ப்பின் நகலை உரிய காலத்தில் இலவசமாகத் தருவதும், மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞர் அமர்த்தித் தருவதும் அரசின் கடமை என்று எழுதினார். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மனுவை அனுப்பும் சிறை மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. இந்த மூன்று கதவுகளும் திறந்திருப்பதை ஒவ்வொரு கைதிக்கும், ஒவ்வொரு கைதியின் குடும்பத்துக்கும் அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும்.

தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் சட்டபூர்வ ஏற்பாடு வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. விடுதலையான எல்லோருக்கும் பணம் தரச் சொல்லும் பரிந்துரை அல்ல அது. பொய்யாகவோ தீய நோக்கத்தோடோ தொடுக்கப்பட்ட வழக்குகளுக்கான தீர்வு. அதையாவது சட்டமாக்கியிருக்க வேண்டும்.

இருவருக்கும் ஒரே தேவை

2014-இல் குஜராத் வழக்கொன்றில் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவிக்க நேர்ந்தபோது, உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான ஆணையும் பிறப்பித்தது. ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்பையும் மாநில அரசு ஆராய வேண்டும், விசாரணையில் எங்கே பிசகியது என்று கண்டறிய வேண்டும், பிசகுக்குக் காரணமான அதிகாரிமீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அந்த ஆணை. விடுதலையைத் துறைக்கு நேர்ந்த அவமானமாகப் பார்க்காமல் பாடமாகப் படிக்கச் சொன்னது அது.

அதுவே சரியான வழி என்று உறுதியாக நம்புகிறேன். சான்று போதாமல் ஒருவர் விடுதலையாகும்போது அங்கே இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. குற்றம் செய்யாதவர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார், அல்லது குற்றம் செய்தவர் விசாரணையின் அலட்சியத்தால் வெளியே வந்தார். இரண்டிலும் காயம்பட்டவருக்கும் ஊருக்கும் நீதி கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையும் பாதிக்கப்பட்டவரின் உரிமையும் எதிரெதிர்த் தட்டுகளில் இருப்பதாக நினைப்பது பிழை. முறையாக எழுதிய அத்தாட்சி மகஜர், அன்றே எடுத்த எக்ஸ்ரே, நேரத்துக்குள் நீதிமன்றம் சேர்ந்த முதல் தகவல் அறிக்கை ஆகியவை இருவருக்குமே தேவை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப்பதிவு செய்யச் சொல்கிறது. நேர்மையாகச் செயல்பட்டால், இது கஞ்சா வழக்குகளின் பாதி வாதங்களைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடும். பொய் வழக்குப் போடுவது கடினமாகும், உண்மை வழக்கு உறுதிப்படும். இதோடு நடுவர் முன் மாதிரி எடுப்பதைத் தாமதமின்றி முடிக்கும் ஏற்பாடும், ஆய்வகங்களுக்குப் போதிய ஆட்களும், சிறையிலிருப்பவர்களின் மேல்முறையீடுகளை முன்னுரிமையோடு கேட்கும் அமர்வுகளும் வேண்டும். இவற்றுக்குச் செலவாகும். சரிபார்க்கப்படாத ஒரு தராசு எடையை நம்பி ஒருவரின் பத்தாண்டைப் பறிப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது குறைவுதான்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்யும்போது கோபப்பட நமக்கு உரிமை உண்டு. அந்தக் கோபம் தீர்ப்பெழுதிய நீதிபதிமீது போகாமல், எழுதப்படாத மகஜரின்மீதும், எடுக்கப்படாத எக்ஸ்ரேயின்மீதும், அழைக்கப்படாத சாட்சியின்மீதும் போகட்டும். அங்கே போனால்தான் அடுத்த வழக்கில் குற்றவாளி தண்டிக்கப்படுவான், குற்றமற்றவர் வீட்டுக்குப் போவார்.